மூன்று புள்ளிகளுக்குள்

பதினோரு மணித் தேநீருக்கு முதன்மை ஆசிரியர் ராத்போன் தன் அறையை விட்டு வெளியே வருகிறார் என்றால் ஒன்று யாராவது இறந்திருக்க வேண்டும், இல்லை யாருக்காவது சீட்டுக் கிழிந்திருக்க வேண்டும். அகராதி அலுவலகத்தின் பதினேழு பேருக்கும் இது தெரியும். அதனால் அந்தப் பிப்ரவரி மாதத்துத் திங்கட்கிழமை அவர் கோப்பையும் கையுமாக, வாயெல்லாம் பல்லாகச் சொற்பிறப்புப் பிரிவுக்குள் நுழைந்தபோது, ஹெஸ்டர் கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். எதிர் மேசை கிளிஃபர்ட் மட்டும் உட்கார்ந்தபடியே வேடிக்கை பார்த்தான். அவன் யாருக்காகவும் எழுந்திருக்கிற ரகம் இல்லை.

“உட்காரும்மா, உட்காரு,” என்றார் ராத்போன். “முப்பது வருஷமா இந்த மெழுகுக் கதையைக் கட்டுக்கதைன்னு சொல்லி எத்தனை பேரை ஓட்டியிருக்கேன் தெரியுமா? ஒரு பிஷப்பைக்கூட விருந்துல வெச்சு மானத்தை வாங்கினேன். இப்ப நான் வாயைப் பொத்திக்கணும். பத்திரிகைக்காரங்க ரெண்டு பேருக்குச் சொல்லியாச்சு. புதன்கிழமை மூணு மணிக்கு அச்சு ஏறுது, வியாழக்கிழமை பேப்பர்ல வருது.”

“நல்லது சார்,” என்றாள் ஹெஸ்டர். குரல் அவளுடையதாகவே இல்லை.

“வேற யார் டிக் போட்டிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். உன் டிக் இருந்துச்சு. நம்பினேன்.”

அவர் போனபிறகு கிளிஃபர்ட் மேசையைத் தாண்டி வந்து அவளுடைய பிஸ்கட்டை எடுத்துத் தின்றான். “ஏய், சம்பளத்தை ஏத்தித் தரச்சொல்லிக் கேட்டிருக்கலாம். இந்த மாதிரி மூடு அவருக்கு அடுத்த ராஜா முடிசூடுறப்பதான் வரும்.” ஹெஸ்டர் சிரித்துவைத்தாள். 

விஷயம் இதுதான். ‘சின்சியர்’ என்ற சொல்லை அறியாதவர் கிடையாது. உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாதவர், செய்வதை மனதாரச் செய்பவர். அது லத்தீனிலிருந்து வந்தது என்பதில் சண்டையில்லை. லத்தீனில் எப்படி வந்தது என்பதில்தான் சண்டை. அந்த நாட்டின் லத்தீன் வாத்தியார்கள் அத்தனை பேரும் வகுப்பில் ஒரு கதை சொல்வார்கள்: ரோமாபுரிச் சிற்பிகளில் சில எத்தர்கள் கல்லில் விழுந்த விரிசலை மெழுகு வைத்து அடைத்து விற்பார்களாம், வெயில் ஏறினதும் மூக்கு ஒழுகிவிடுமாம். நேர்மையான சிற்பி தன் சிலையை ‘சினே கேரா’ என்று சொல்லி விற்பானாம், அதாவது மெழுகு இல்லாமல். அதிலிருந்து பிறந்ததுதான் சின்சியர். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! அதுதான் அதன் குற்றமும். எந்த ரோமானியனும் அப்படி எழுதி வைத்ததாக ஒரு வரிகூட யாருக்கும் அகப்பட்டதில்லை. சுத்தமான, கலப்பில்லாத என்ற பொருளில் லத்தீனில் ஒரு பழஞ்சொல் தனியாகவே இருக்கிறது. அதுதான் வேர், மெழுகும் இல்லை மண்ணும் இல்லை என்று அகராதிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தலையில் அடித்துக்கொண்டு வந்தார்கள்.

போன ஜூன் மாதம் அந்தத் துண்டுச் சீட்டு வந்தது. அகராதிக்கு இப்படித்தான் சரக்கு வரும். நாடெங்கும் வேலை ஓய்ந்தவர்கள், பாதிரியார்கள், தூக்கம் வராதவர்கள் பழைய புத்தகங்களையும் ஏடுகளையும் படித்து, ஒரு சொல் வரும் வரியை உள்ளங்கை அகலச் சீட்டில் எழுதி அனுப்புவார்கள். நடுவில் வேண்டாத சொற்களை விட்டுவிடலாம். விட்ட இடத்தில் மூன்று புள்ளி வைக்க வேண்டும். வந்த சீட்டை அலுவலகத்தில் ஒருவர் மூல ஏட்டோடு கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்து, மூலையில் நீலப் பென்சிலால் ஒரு டிக் போடுவார். கண்ணால் பார்க்காமல் டிக் போடக்கூடாது. எழுதிவைத்த சட்டமெல்லாம் கிடையாது. ஆனால் அந்தக் கட்டடத்தில் குடித்துவிட்டு வருகிறவனை மன்னிப்பார்கள், பார்க்காமல் டிக் போட்டவனை மன்னிக்க மாட்டார்கள்.

அந்தச் சீட்டு மேற்கே மலையடிவாரத்து டென்லி கிராமத்திலிருந்து டாப்செல் என்பவர் அனுப்பியது. ஓய்வுபெற்ற லத்தீன் ஆசிரியர். இருபத்திரண்டு வருடங்களில் நாலாயிரம் சீட்டுக்கு மேல் அனுப்பியிருக்கிறார், ஒரு கால்புள்ளி பிசகியது கிடையாது. அந்த ஊர் தேவாலயத்தின் நானூறு வருடத்துப் பழைய ஏட்டிலிருந்து எடுத்த லத்தீன் வரி: ‘உருவம் செதுக்கும் ஜான், மாதா சிலையைச் செய்தவன் … மெழுகு இல்லாமல்.’ கடைசி இரண்டு சொல் அதே ‘சினே கேரா’. ரோமாபுரி இல்லைதான். ஆனாலும் சிற்பிகள் வாயில் அந்தப் பேச்சு புழங்கியதற்கு முதல் சாட்சி. ஹெஸ்டர் அங்கிருந்த பாதிரியாருக்கு எழுதி, ஏட்டின் புகைப்படம் கேட்டாள். பதில் வரவில்லை. மறுபடி எழுதினாள். வரவில்லை. மூன்று ஊர்களைப் பார்த்துக்கொள்ளும் மனிதர், மறந்திருப்பார். அந்த வாரம் சீட்டுப் பெட்டியைக் காலி செய்தாக வேண்டும். டாப்செல்லின் கையெழுத்தைப் பார்த்தாள், அவருடைய இருபத்திரண்டு வருடங்களைப் பார்த்தாள், ஏட்டைப் பார்க்கவில்லை. டிக் போட்டுவிட்டாள்.

முப்பத்தேழு வயது ஹெஸ்டருக்கு. அந்தப் பிரிவில் நாற்காலி கிடைத்த முதல் பெண். ஒன்பது வருடங்களில் அவள் போட்ட நீல டிக்குகள் எத்தனை ஆயிரம் என்று அவளுக்கே தெரியாது. ஒன்று பொய் என்று தெரிந்தால் மீதி அத்தனையும் மறுபடி பார்க்கப்படும். யார் பார்ப்பது, எந்தச் சம்பளத்தில் பார்ப்பது, அதற்குள் அச்சேறிப்போன பக்கங்களை என்ன செய்வது? அவளுடைய நாற்காலி போவது பெரிதில்லை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். பெரிதுதான். அதைத் தவிர அவளிடம் என்ன இருந்தது? அன்றிரவு முழுக்கக் கண்ணை மூடவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பல்வலி என்று சொல்லி மறுநாளைக்கு விடுப்பு வாங்கினாள். “கடைவாய்ப் பல்லா?” என்றான் கிளிஃபர்ட். “பிடுங்கிடு. வெச்சுக்கிட்டுத் தவிச்சா அதுவே தின்னும்.”

புதன்கிழமை காலை ரயிலில், பிறகு பேருந்தில், மழையின் ஊடாக டென்லி போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு ஆகப் பத்து நிமிடம். வழியெல்லாம் ஒரே கணக்குத்தான். ஏட்டில் அந்த வரி இருந்தால், இன்று பார்த்ததை அன்று பார்த்ததாக வைத்துக்கொள்ளலாம். உலகத்தில் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. இல்லாவிட்டால் மூன்று மணிக்குள் ராத்போனுக்குப் போன் செய்ய வேண்டும். செய்வாயா என்று கேட்டுக்கொண்டாள். பேருந்து ஜன்னலில் மழைத் தண்ணீர் வழிந்தது. பக்கத்து இருக்கை அம்மாளின் கூடையில் ஒரு கோழி தலையை நீட்டி அவளையே பார்த்துக்கொண்டு வந்தது.

டாப்செல்லின் வீடு தேவாலயத்தை ஒட்டியே இருந்தது. கதவைத் திறந்தவர் ஒல்லியாக, உயரமாக, முழங்கையில் ஒட்டுப் போட்ட கோட்டோடு நின்றார். அவள் பெயரைச் சொன்னதும் அவர் முகத்தில் ஆச்சரியம் வரவில்லை. 

“வாங்க,” என்றார். “எட்டு மாசம் கழிச்சு வந்திருக்கீங்க. டீ சாப்பிடுறீங்களா?”

“வேணாம். ஏட்டைப் பார்க்கணும்.”

“டீ சாப்பிட்டுட்டுப் பாருங்களேன். அது எங்கயும் ஓடிடாது. நானூறு வருஷமா அங்கதான் இருக்கு.”

“மூணு மணிக்கு அச்சு ஏறுது, மிஸ்டர் டாப்செல்.”

அவர் தலையை ஆட்டினார். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு தொப்பிகூடப் போடாமல் மழையில் முன்னே நடந்தார்.

தேவாலயத்தின் பின்னறையில் ஈரமும் பழைய துணியும் சேர்ந்த வாடை. இரும்புப் பெட்டியை அவர் முழங்காலிட்டுத் திறந்தார். எழுந்திருக்க முடியாமல் மேசையைப் பிடித்தார். ஹெஸ்டர் கை கொடுக்கவில்லை. கொடுத்திருக்கலாம் என்று பின்னால் தோன்றியது. அப்போது அவள் கண்ணெல்லாம் அந்தத் தோல் அட்டைமேல் இருந்தது. அவர் பக்கத்தைத் தேடவே இல்லை. புத்தகம் தானாக அந்த இடத்தில் திறந்துகொண்டது. அத்தனை தடவை திறந்திருக்கிறார்.

இறந்தவர்களைப் பதிந்த ஏடு. அந்தக் காலத்துப் பாதிரியாரின் கையெழுத்து சாய்ந்து நெருக்கமாக ஓடியது. கண் பழக ஒரு நிமிடம் ஆயிற்று. ‘உருவம் செதுக்கும் ஜான்.’ இருந்தது! ‘மாதா சிலையைச் செய்தவன்.’ இருந்தது. வரியின் கடைசியில், மை மங்கி, ‘மெழுகு இல்லாமல்.’ அதுவும் இருந்தது. ஹெஸ்டருக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. இருக்கிறதே, எல்லாமே இருக்கிறதே. அப்புறம்தான் நடுவில் இருந்ததைப் படித்தாள்.

‘உருவம் செதுக்கும் ஜான், மாதா சிலையைச் செய்தவன், ஒன்றும் விட்டுச் செல்லாதபடியால், இன்று புதைக்கப்பட்டான், மெழுகு இல்லாமல்.’

மறுபடி படித்தாள். மெழுகுவத்தி. அந்த நாளில் வசதியுள்ளவன் செத்தால் பிணத்தைச் சுற்றி மெழுகுவத்தி ஏற்றுவார்கள். ஜானிடம் அதற்கு வழியில்லை. இருட்டில் புதைத்திருக்கிறார்கள். விரிசலும் இல்லை, வெயிலும் இல்லை, ரோமாபுரியும் இல்லை. ஒரு ஏழையின் சாவு. அதைத்தான் ராத்போன் பத்திரிகைக்குச் சொல்லியிருக்கிறார்.

“புள்ளி வெச்சேன்,” என்றார் டாப்செல். சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். “விதிப்படி மூணு புள்ளி வெச்சேன். ஒரு எழுத்து நான் மாத்தல.”

“வாயை மூடுங்க!” என்றாள் ஹெஸ்டர். அந்த வயதானவரிடம் அப்படிப் பேசுவாள் என்று அவளே நினைத்ததில்லை. “ஏன் சார் இப்படிப் பண்ணீங்க? உங்களுக்கு இதுல என்ன வந்துச்சு?”

 அவர் கைக்குட்டையை எடுத்துத் தலையைத் துடைத்தார்.

“நாப்பது வருஷம் இந்தக் கதையைப் பசங்களுக்குச் சொன்னேன். முத நாள் வகுப்புல, வேற எதையும் தொடுறதுக்கு முன்னாடி. ஒருத்தன் ரொம்பப் புத்திசாலி. பெரிய படிப்புக்குப் போனான். அங்க நேர்காணல்ல அஞ்சு பேர் உட்கார்ந்திருக்க, இந்தக் கதையைச் சொல்லியிருக்கான். யார்டா உனக்குச் சொன்னதுன்னு கேட்டுச் சிரிச்சிருக்காங்க. என் பேரைச் சொல்லியிருக்கான். இன்னும் சிரிச்சிருக்காங்க. இதையெல்லாம் எனக்கு லெட்டர் போட்டான். திட்டல. மரியாதையாத்தான் எழுதியிருந்தான். அது இன்னும் மோசம்.” மூச்சு வாங்கினார். “அதுக்கப்புறம் பதினோரு வருஷம் தேடினேன். ஒரு வரி, எங்கயாவது ஒரே ஒரு வரி. இந்தப் பக்கத்துல அந்த ரெண்டு சொல்லைப் பார்த்ததும் அழுதுட்டேன்மா. நடுவுல இருந்தது கண்ணுல படத்தான் செஞ்சது. படாத மாதிரி எழுதினேன்.”

“நாலாயிரம் சீட்டு அனுப்பியிருக்கீங்க. இனிமே அதுல எதை நம்புறது?”

“அதையேதான் நானும் நினைச்சுக்கிட்டேன். போட்ட அன்னைக்கே. ஆனா எனக்கு ஒரு தைரியம் இருந்துச்சு. நீங்க கேப்பீங்கன்னு. புள்ளிக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு லெட்டர் வரும், உண்மையைச் சொல்லிடலாம்னு தபால்காரன் வர்ற நேரமெல்லாம் வாசல்ல நின்னேன். ஒரு நாள் வந்துச்சு. பிரிச்சா நன்றின்னு அச்சடிச்ச கார்டு, ஓரத்துல ‘சரிபார்க்கப்பட்டது’ன்னு உங்க கையெழுத்து.” அவர் அவளை முதல்முறையாக நேராகப் பார்த்தார். “எப்படிச் சரிபார்த்தீங்க? சாவி என்கிட்டதானே இருக்கு.”

ஹெஸ்டருக்கு முகம் சுட்டது. கோபத்தோடு வந்தவள் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். ஒரு பொய்யை அந்த மனிதர் பாதி எழுதினார். மீதியை அவள் முடித்து வைத்திருக்கிறாள். வெளியே மணிக்கூண்டில் ஒரு மணி அடித்தது.

“இன்னொண்ணு சொல்லட்டுமா?” என்றார் டாப்செல், குரலைத் தாழ்த்தி. “சொல்லு இருக்கு, கண்ணால பார்த்துட்டீங்க. பார்த்தேன்னு சொன்னா அது பொய்யில்ல. எனக்கு எழுபத்தி ரெண்டு ஆகுது. நான் வாயைத் திறக்க மாட்டேன். பாதிரியாருக்கு லத்தீன் தகராறு, இந்தப் பெட்டிப் பக்கமே வர மாட்டார். இன்னும் நூறு வருஷத்துக்கு யார் வந்து இதைப் பிரிக்கப்போறா?”

அவர் சொன்னது அவ்வளவும் அவள் ரயிலில் தனக்குச் சொல்லிக்கொண்டு வந்ததுதான். தன் வாயிலிருந்து வந்தபோது புத்திசாலித்தனமாக இருந்தது, அவர் வாயிலிருந்து வந்தபோது குமட்டியது. ஆனாலும் அவள் உடனே மறுத்துவிடவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஏட்டின்மேல் கை வைத்தபடி வெகுநேரம் நின்றாள். வாடகை, அலமாரியில் இருந்த புதுக் கோட், சொற்பிறப்புப் பிரிவின் ஜன்னலோரம், கிளிஃபர்டின் கிண்டல், எல்லாவற்றையும் நினைத்தாள். அகராதி என்பது பள்ளிக்கூடப் பிள்ளையிலிருந்து நீதிபதிவரை எடுத்துப் புரட்டுகிற புத்தகம்; அதில் ஏறினது இறங்காது. மற்ற அகராதிகள் அதைப் பார்த்து எழுதும். அவளும் டாப்செல்லும் மண்ணான பிறகும் ஜானின் சாவு ஒரு வேடிக்கைக் கதையாக வகுப்புகளில் சொல்லப்படும். யாருமே சிரிக்க மாட்டார்கள் இந்த முறை, நம்புவார்கள்.

“இங்க போன் எங்க இருக்கு?” என்று கேட்டாள்.

டாப்செல் பெட்டியை மூடினார். பூட்ட மறந்து, பிறகு நினைவு வந்து பூட்டினார். “தபால் ஆபீஸ் வாசல்ல,” என்றார். “ஆனா ஆபீஸ் பொம்பளை ஒண்ணரை வரைக்கும் சாப்பாட்டுக்குப் போயிருப்பா, காசு மாத்த முடியாது. சில்லறை என்கிட்ட இருக்கு.”

“வேணாம். என்கிட்ட இருக்கு.”

சிவப்புத் தொலைபேசிக் கூண்டுக்குள் யாரோ புகைத்துவிட்டுப் போன வாடை. நகரத்துக்கு இணைப்புக் கேட்டாள். தொலைபேசிப் பெண் காசு போடச் சொன்னாள், போட்டாள். மணி அடித்தது. எடுக்காமல் இருந்தால் என்ன என்று ஒரு நப்பாசை. எடுத்துவிட்டார்.

“ராத்போன்.”

“சார், ஹெஸ்டர் பேசுறேன். டென்லியிலேர்ந்து.”

“டென்லியா? பல் டாக்டர்கிட்டல்ல போயிருக்கேன்னாங்க?”

“அந்தப் பக்கத்தை நிறுத்துங்க சார். மெழுகு வரியை எடுத்துடுங்க.” ஏட்டில் இருந்ததைக் கடகடவென்று ஒப்பித்தாள்.  ராத்போன் கத்தினார்.

“அந்தக் கிழட்டு எத்தன்! இருபது வருஷம் நம்மை நம்பவெச்சுக் கழுத்தறுத்துட்டானா? பத்திரிகைக்காரனுக்கு நான் என்ன சொல்றது? இரு, இரு, அச்சை நிறுத்தச் சொல்றேன்.” ரிசீவரை மேசையில் வைத்தார், யாரையோ கூப்பிட்டார், கதவு அறைந்தது, திரும்பி வந்தார். இப்போது குரல் நிதானமாகவும் கனிவாகவும் இருந்தது. “நல்லவேளை, உன் சொந்தச் செலவுல போய்ப் பார்த்தே. ஆனா ஒண்ணு புரியல. ஜூன்லயே டிக் போட்டிருக்கியே. அப்ப எதைக் காட்டி ஏமாத்தினான்? போலி ஏடு ஏதாவது செஞ்சு வெச்சிருந்தானா?”

தப்பிக்க வழி திறந்துதான் இருந்தது. ஆமாம் என்ற ஒரு சொல் போதும். டாப்செல் மறுக்க மாட்டார். அவர் அப்படிப்பட்டவர் என்பது இந்த ஒரு மணி நேரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கூண்டுக் கண்ணாடியில் அவளுடைய மூச்சே படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை.

“அவர் எதையும் காட்டல சார். நான் பார்க்கல. பார்க்காமயே போட்டேன்.”

மறுமுனையில் அலுவலகத்துத் தட்டச்சு இயந்திரம் ஒன்று தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதை அடிப்பது யார் என்றுகூட அவளால் சொல்ல முடியும்.

“ஹெஸ்டர்,” என்றார் ராத்போன். கோபமே இல்லாமல், பயந்தவரைப்போலக் கேட்டார். “இதைமாதிரி எத்தனை?”

இது ஒன்றுதான் என்று சொல்ல வாயைத் திறந்தாள். திறந்தபின் அவளுக்கு வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது குளிர்காலம் ஞாபகம் வந்தது, காய்ச்சலோடு வேலைக்கு வந்த வாரங்கள்; நூலகம் பூட்டியிருந்த அந்த ஆகஸ்ட்; சாயங்கால ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரமாக முடித்த பெட்டி. பார்த்தாளா? பார்த்திருப்பாள். பார்த்ததாகத்தான் நினைவு. எந்தச் சீட்டின்மேலும் அவளால் சத்தியம் செய்ய முடியவில்லை.

நடுவில் தொலைபேசிப் பெண்ணின் குரல் புகுந்தது. “மூணு நிமிஷம் ஆயிடுச்சு மேடம். இன்னும் பேசணுமா?”

“பேசணும்,” என்றாள் ஹெஸ்டர்.

பைக்குள் காசைத் துழாவினாள். மற்றொரு கையின் பின்புறத்தால் கண்ணாடியைத் துடைத்தாள். தெருவுக்கு அந்தப் பக்கம், மழையில், தலை நனைய டாப்செல் நின்றுகொண்டிருந்தார். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்க வழியில்லாத அவர், அவளுடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.